விடுமுறை நாளில் தேயிலை பார்க்கப் போனோம்

ஒருநாள் சுற்றுலா வழிகாட்டியின் தொழில், பார்வைக்கு வரலாறு சொல்லும் தொழில்போலத் தோன்றினாலும், உண்மையில் செருப்பு, கழிவறை, சாப்பாட்டு நேரம் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று மோதாமல் காக்கும் தொழிலாகும்.

பாடசாலைச் சுற்றுலாவில் கத்திக் கத்தித் தொண்டை கட்டிய ஆசிரியர்களே, சங்கத்தின் வருடாந்தப் பயணத்தை ஒழுங்குசெய்து உறவினரோடு பகைத்துக்கொண்ட செயலாளர்களே, என் நிலை உங்களுக்குப் புரியும். தமிழ் இலக்கணம் கற்பித்து ஓய்வுபெற்ற பின்னர், கண்டி மஹய்யாவவில் இரண்டு பஸ்களும் ஓர் அலுவலக அறையும் வைத்திருக்கும் செல்வநாதன் முதலாளியிடம் வேலைக்குச் சேர்ந்தேன். கண்டியைச் சுற்றியுள்ள அருங்காட்சியகங்களுக்கும் பழைய மாளிகைகளுக்கும் வரும் தமிழ்க் குழுக்கள், ஒரு வாசலால் நுழைந்து மறு வாசலால் ஒன்றும் விளங்காமல் வெளியேறுவதைப் பல ஆண்டுகள் கண்டிருந்தேன். விளக்கம் சொல்பவர் சிங்களத்தில் சொல்வார், அல்லது ஆங்கிலத்தில் சொல்வார். தமிழில் ஒருவர் ஒழுங்காக எடுத்துச் சொன்னால் என்ன என்ற எண்ணமே என்னை அந்த அலுவலகத்தின் படியேற வைத்தது. அந்த வேலை எனக்கு வேண்டியிருந்தது. திருத்துவதற்கு ஒரு பயிற்சிக் கொப்பிகூட இல்லாத வீட்டில் சும்மா இருப்பது எவ்வளவு கடினம் என்பதை ஓய்வுபெற்றவர்கள் அறிவார்கள்.

முதலாளி என் விண்ணப்பத்தை இருமுறை வாசித்துவிட்டுத் தம் நிபந்தனையைச் சொன்னார். “ஆறு மாசம் ஓட்டிப் பாப்போம் டீச்சர். எந்த இடத்துல இருந்தும் முறைப்பாட்டுக் கடிதம் வரக்கூடாது. ஒண்ணு வந்தா பொறுத்துக்குவேன். ரெண்டு வந்தாலும் பொறுத்துக்குவேன். மூணாவது வந்துச்சுன்னா தமிழ்ப் பயணத்த நிப்பாட்டிருவேன்.” மூன்று என்பது எனக்குத் தாராளமான அளவாகவே தோன்றியது. முப்பத்திரண்டு ஆண்டுப் பணியில் என்மீது ஒரு முறைப்பாடும் வந்ததில்லை.

முதல் இரண்டும் முதல் இரண்டு மாதத்திலேயே வந்து சேர்ந்தன. சம்பந்தப்பட்ட இடங்களின் பெயர்களை நான் சொல்லப்போவதில்லை. பிழை அவர்களுடையது அன்று.

நாற்பத்தோராவது பயணி

முதற் பயணம் தவுலகல பக்கமுள்ள மரத்தூண் மண்டபத்துக்கு. பெயர்ப் பட்டியலின்படி பயணிகள் நாற்பது பேர். கண்டியில் முப்பத்தாறு பேரை ஏற்றி, பேராதனைச் சந்தியில் மிகுதி நால்வரை ஏற்றிக்கொண்டு, ஒலிவாங்கியைக் கையில் எடுத்தேன். தூண்களின் செதுக்கல், பயன்பட்ட மரத்தின் தன்மை, கட்டுவித்த அரசரின் காலம் என்று போகும் வழி முழுவதும் இடைவிடாமல் விளக்கினேன். ஒருவரும் குறுக்கிடவில்லை. என் வகுப்பறைகளில்கூட இத்தகைய அமைதியை நான் கண்டதில்லை.

மண்டப வாசலில் இறக்கி எண்ணினேன். நாற்பத்தொருவர் நின்றனர். மறுபடியும் எண்ணினேன். அப்போதும் நாற்பத்தொருவர். ஒருவர் குறைந்தால் என்ன செய்யவேண்டும் என்பதை எழுதி வைத்திருந்தேன். கூடினால் என்ன செய்வது என்பதற்கு என்னிடம் ஒரு குறிப்பும் இல்லை. சாரதி நிஸார் நானா மட்டும் நிதானமாக, “கூடினா நல்லந்தானே டீச்சர், குறஞ்சாத்தான் கரச்சல்” என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போனார்.

பெயர் கூப்பிட்டுப் பார்த்ததில், மரவள்ளிக்கிழங்குப் பையொன்றை அணைத்தபடி நின்ற ஓர் அம்மையார் பட்டியலில் இல்லை என்பது தெரியவந்தது. பேராதனைச் சந்தியில் பஸ் நின்றதும் ஏறியிருக்கிறார். வழியில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகவேண்டியவர். மணியடிக்கும் கயிற்றைத் தேடித் தேடிப் பார்த்து, இறங்கவேண்டிய இடம் கடந்து, இரண்டு கிலோமீற்றர் வந்துவிட்டார். நான் மன்னிப்புக் கேட்டபோது அவர் என் தோளைத் தட்டிச் சொன்னார்: “நல்லாத்தான் பேசுறீங்க. ஆனா கண்டக்டர் இம்புட்டுப் பேசினா, இறங்குறவங்க எப்பம்மா இறக்கம்னு சொல்றது?”

கண்ணாடிக்குள் பிள்ளையார்

அடுத்தது, கண்டியில் வாழும் யாழ்ப்பாணக் குடும்பங்களின் மாதர் மன்றம். காலையில் இரண்டு பழைய கோயில்கள், பிற்பகலில் சிற்பங்கள் வைத்திருக்கும் அருங்காட்சியகம் ஒன்று. காலை முழுவதும் செருப்பைக் கழற்றிக் கழற்றிப் பழகிய கால்கள் அங்கும் அதையே செய்தன. தேவையில்லை என்று நான் சொல்லி முடிப்பதற்குள் முப்பத்தைந்து சோடிச் செருப்புகள் வாசலை அடைத்துவிட்டன. பின்னால் வந்த வெளிநாட்டுத் தம்பதியர் அதைப் பார்த்துத் தாங்களும் கழற்றினர்.

உள்ளே ஒரு கற்பிள்ளையாரின் காலத்தைச் சுவரிலிருந்த வரைபடத்தில் சுட்டிக்காட்டிக்கொண்டிருந்தேன். எனக்குப் பின்னால் கற்பூர வாசனை வந்தது. திரும்பினேன். மன்றத் தலைவி திருமதி மனோன்மணி, ஓய்வுபெற்ற தாதி, கைப்பையிலிருந்த சிறிய பித்தளைத் தட்டைக் கண்ணாடிப் பெட்டியின் முன் வைத்துக் கற்பூரம் ஏற்றியிருந்தார். ஏனையோர் கைகூப்பிக் கூட்டாகப் பாடத் தொடங்கிவிட்டனர். காவலாளி ஓடி வந்தார். வந்தவர் முதலில் தொப்பியைக் கழற்றி, கண்ணை மூடிக் கும்பிட்டார். கும்பிட்டு முடித்த பின்னரே தம் கடமை நினைவுக்கு வந்தவராய், மணல் வாளியைத் தேடி மறுபடியும் ஓடினார். அதற்குள் கூரையில் இருந்த அபாய மணி அலறத் தொடங்கியது.

மணலில் அமிழ்ந்த தட்டைத் துடைத்தபடி திருமதி மனோன்மணி என்னோடு அலுவலக அறைக்கு வந்தார். அங்கே ‘கண்காட்சி மண்டபத்தில் தீ மூட்டல்’ என்ற தலைப்பில் நான் விளக்கம் எழுதிக் கொடுக்கவேண்டியிருந்தது. முதலாவது முறைப்பாடு என் கையெழுத்திலேயே உருவாகிக்கொண்டிருந்தது. அவர் என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்துக் கேட்டார்: “கண்ணாடிக்குள்ள வைச்சாப்போல பிள்ளையார் என்ன வேறை ஆளே, டீச்சர்?”

மேசைவிரிப்பு

இரண்டாவது முறைப்பாட்டுக்குக் காரணம் நானே. ஓய்வுபெற்ற பொறியியலாளர்களும் அவர்களின் மனைவியரும் கொண்ட குழுவுக்குப் பயண ஒழுங்கைத் தட்டச்சில் தயாரித்திருந்தேன். பத்து மணிக்கு வெள்ளையர் காலத்து இடுகாடு. பதினொன்றரைக்குப் பழைய கற்கோயில். ஒரு மணிக்குச் சாப்பாடு. தூரத்தையும் போக்குவரத்து நெரிசலையும் கணக்கிட்டால் இதைவிடச் சிறந்த வரிசை இல்லை.

இடுகாட்டில் எல்லாம் சிறப்பாக நடந்தது. கல்லில் பொறித்த ஆண்டுகளைக் கழித்து, இறந்தவர்களின் வயதைக் கண்டுபிடிப்பதில் பொறியியலாளர்கள் போட்டியிட்டனர். பெரும்பாலோர் முப்பதைத் தாண்டாதவர்கள், காய்ச்சலில் போனவர்கள் என்று நான் சொன்னபோது சில பெண்கள் கண் கலங்கினர். மனம் நிறைந்து பஸ்ஸடிக்கு வந்தேன். ஒருவரும் ஏறவில்லை. “எல்லாரும் ஏறுங்கோ, கோயிலுக்கு நேரம் போகுது” என்றேன். “குளிக்காமலோ?” என்று ஒரு குரல் கேட்டது. அப்போதுதான் என் தலையில் இடி விழுந்தது. நான் சைவக் குடும்பத்தில் பிறந்து வளர்ந்தவள். ‘பாரம்பரிய இடம்’ என்று தட்டச்சு செய்த மறுகணமே அது சுடலை என்பது என் நினைவிலிருந்து போய்விட்டது.

கோயிலைப் பிற்போட்டு, சாப்பாடு சொல்லியிருந்த விடுதிக்கு நேரே போனோம். அங்கே குளியலறைகள் இரண்டு. ஆட்கள் முப்பத்தாறு பேர். உடுத்த உடுப்போடு தலைக்கு வார்த்துவிட்டு, அதைப் பிழிந்து வேலியில் காயப்போட்டார்கள். பெண்களுக்கு விடுதிக்காரரின் மனைவி தம் சேலைகளை எடுத்துக் கொடுத்தார். ஆண்களுக்குக் கொடுக்க ஒன்றும் இல்லை. நான் சாப்பாட்டு மண்டபத்துக்குள் நுழைந்தபோது, மேசைகள் எல்லாம் வெறுமையாக இருந்தன; சிவப்புக் கட்டம் போட்ட மேசைவிரிப்புகளை இடுப்பில் சுற்றியபடி பதினெட்டுப் பொறியியலாளர்கள் சோற்றுக்காகக் காத்திருந்தனர். தண்ணீர்த் தாங்கி வற்றியது பற்றியும் விரிப்புகள் பற்றியும் விடுதிக்காரர் பின்னர் எழுதிய கடிதத்தில் மிகைப்படுத்தல் ஒன்றும் இல்லை. குழுவில் மூத்தவரான சிவபாலன் ஐயா தம் விரிப்பின் முடிச்சை இறுக்கிக்கொண்டு சொன்னார்: “கோயிலுக்குப் போறதுக்கு முன்னம் சுடலைக்குக் கூட்டிக்கொண்டு போற ஆளை நான் இண்டைக்குத்தான் காணுறன், பிள்ளை.”

பொருத்தமான இடம்

அடுத்த இரண்டு மாதம் ஒரு குறையுமின்றிக் கழிந்தது. ஐந்தாம் மாதத்தில் மடுல்கெல்லவிலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. பேசியவர் பேச்சியம்மா. இருபத்தைந்து ஆண்டுகளாகத் தேயிலைக் கொழுந்து பறிப்பவர், தோட்டத்து மாதர் சங்கத்தின் தலைவி. “முப்பத்தெட்டுப் பேரு இருக்கோம் டீச்சர். ஒருநா எங்கயாச்சும் கூட்டிட்டுப் போங்க” என்றார். எங்கே என்று தெரிவுசெய்யும் பொறுப்பு என்னுடையதாயிற்று. மூன்று இரவு யோசித்து, அவர்களுக்கு மிகப் பொருத்தமானது என்று ஓர் இடத்தைத் தெரிவுசெய்தேன். அந்தத் தெரிவில் எனக்கு இரகசியமான பெருமையும் இருந்தது. முதலாளி, “இன்னொண்ணு வந்தா முடிஞ்சுது, ஞாபகம் இருக்குல்ல?” என்றார். எனக்கு அதைத் தவிர வேறெதுவும் ஞாபகம் இல்லை.

ஞாயிறு விடியற்காலையில் பஸ் மலையில் ஏறி அவர்களை அழைத்துக்கொண்டது. எல்லோரும் பூவும் பொட்டுமாய், நல்ல சேலையில் இருந்தார்கள். பின்னாசனங்களில் பாட்டும் கைதட்டலும் தொடங்கிவிட்டன. நான் ஒலிவாங்கியை வாங்கி, பயணிகளுக்கான பன்னிரண்டு விதிகளை வாசித்தேன். ஒன்றையும் தொடக்கூடாது. ஒன்றையும் ஏற்றக்கூடாது. ஒன்றிலும் உட்காரக்கூடாது. விதிகள் முடிந்ததும் கைதட்டினார்கள். பிறகு, இன்று நாம் பார்க்கப்போவது ஒரு பழைய தேயிலைத் தொழிற்சாலை, இப்போது அது தேயிலை அருங்காட்சியகம் என்று அறிவித்தேன்.

பாட்டு நின்றது. பஸ் இறக்கத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கும் ஓசை மட்டும் கேட்டது. நான் ஏதோ இறப்புச் செய்தி சொல்லிவிட்டதுபோல முப்பத்தெட்டு முகங்களும் என்னைப் பார்த்தன. முன்னாசனத்தில் இருந்த பேச்சியம்மா, என் மனம் நோகக்கூடாது என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார்: “லீவு நாள்லயுமா, டீச்சர்?”

நாயின் பெயர்

உள்ளே உலர்த்தும் இயந்திரங்களின் முன் அவர்கள் ஒரு நிமிடமும் நிற்கவில்லை. “இது எங்க பேக்டரில இன்னும் ஓடுதே” என்று சொல்லிக்கொண்டு, கோயில் சுற்றுவதுபோல வேகமாகச் சுற்றி வந்தார்கள். ஒரு பழைய புகைப்படத்தின் முன் மட்டும் கூட்டம் தேங்கியது. கதிரையில் ஒரு தோட்டத்துரை; காலடியில் ஒரு நாய்; பின்னால் கூடைகளோடு ஆறு பெண்கள். கீழே ஆங்கிலத்தில் ஒரு விளக்கம். “என்னா எழுதியிருக்கு டீச்சர்?” என்று பேச்சியம்மா கேட்டார்.

நான் வாசித்துத் தமிழில் சொன்னேன். துரையின் முழுப்பெயர். அவர் பிறந்த ஊர். நாயின் பெயர் ரெக்ஸ். அவ்வளவுதான். “பின்னால நிக்கிறவங்க?” என்றார். மறுபடியும் வாசித்தேன். ‘தொழிலாளர்களுடன்’ என்ற ஒரு சொல் இருந்தது. வேறு எங்காவது, சட்டத்தின் ஓரத்தில், சிறிய எழுத்தில் இருக்கக்கூடும் என்று மூக்குக்கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி மூன்றாம் முறையும் தேடினேன். இதே புகைப்படத்தை, பயணத்துக்கு முன் இடத்தைப் பார்வையிட வந்தபோது நான் கண்டிருக்கிறேன். குறிப்பும் எடுத்திருக்கிறேன். என் குறிப்பிலும் ரெக்ஸ் இருந்தது. அந்த ஆறு பேர் இருக்கவில்லை.

பேச்சியம்மா கோபிக்கவில்லை. கூடை கட்டிய விதத்தையும், ஒரு பெண்ணின் கையில் சுற்றியிருந்த துணிக்கட்டையும் ஆராய்ந்து பார்த்தார். பிறகு பக்கத்தில் நின்றவரிடம் சொன்னார்: “எழுதத் தெரியாத ஆளுன்னும் சொல்ல முடியாதுடி, நாயி பேர எழுதியிருக்காருல்ல.”

நிரை

கட்டடத்தின் பின்புறச் சரிவில், பார்வையாளருக்குக் காட்டவென்று வளர்த்த சிறிய தேயிலைப் பாத்தி இருந்தது. ஐந்தாறு நிரைகள், சுற்றிவர வெள்ளைக் கயிறு. பயணிகளை அதன் அருகே நிழலில் இருத்திவிட்டு, வருகைப் புத்தகத்தில் கையொப்பமிட அலுவலகத்துக்குப் போனேன். இருபது நிமிடத்தில் திரும்பி வந்தபோது நிழலில் ஒருவரும் இல்லை. முப்பத்தெட்டுப் பேரும் கயிற்றுக்குள் நின்றார்கள். பட்டுப்போன்ற நல்ல சேலைகளின் முந்தானைகள் இடுப்பில் பைகளாகியிருந்தன. நிரைக்கு ஆறேழு பேராகப் பிரிந்து, பேச்சில்லாமல், இரு கைகளாலும் பறித்துக்கொண்டு முன்னேறினார்கள். என் பன்னிரண்டு விதிகளும் கூரைக்குக் கீழே உள்ள பொருள்களைப் பற்றியவை. வெயிலில் நிற்கும் செடியைப் பற்றி நான் ஒரு விதியும் எழுதியிருக்கவில்லை.

அதே நேரத்தில் முகாமையாளர் மறுபக்கத்தால் வந்தார். அவருக்குப் பின்னால் இருபது வெளிநாட்டவர்கள், முதுகில் ஆளுக்கொரு புத்தம்புதுச் சிறு கூடை. அவர்கள் தங்கள் கையாலேயே கொழுந்து பறித்துப் பார்க்கவென்று இரண்டு வாரமாக அந்தப் பாத்தியில் கைவைக்காமல் விட்டிருக்கிறார்கள். இப்போது மிஞ்சியிருந்தவை மட்டமாக வெட்டியதுபோன்ற வெறும் செடிகள். முகாமையாளரின் வாய் திறந்தது, ஓசை வரவில்லை. மூன்றாவது கடிதத்தின் முதல் வாக்கியம் என் கண்முன் எழுதப்பட்டுக்கொண்டிருந்தது. பேச்சியம்மாதான் பேசினார். “அம்புட்டும் முத்திப்போய்க் கெடக்கு டீச்சர். பாத்துக்கிட்டு எப்படிங்க சும்மா உக்காந்திருக்கிறது? கை நிக்குமா?”

வெளிநாட்டவர்கள் இதெல்லாம் தங்களுக்காகவே ஏற்பாடானது என்று எண்ணிப் பலமாகக் கைதட்டினார்கள். ஒருவர் மரத்தடிக் கல்லில் ஏறிப் படம் எடுத்தார். முகாமையாளர் ஒருவாறு குரலைக் கண்டுபிடித்து, கொழுந்தை அந்தச் சிறு கூடைகளில் கொட்டிவிடும்படி சிங்களத்தில் சொன்னார். நான் அதை மொழிபெயர்த்தேன். ஒருவரும் அசையவில்லை. பேச்சியம்மா சுற்றுமுற்றும் பார்த்து, விறாந்தையில் காட்சிக்கு வைத்திருந்த நூறாண்டுத் தராசைக் கண்டுபிடித்து, அதை நோக்கி நடந்தார். மற்ற முப்பத்தேழு பேரும் அவர் பின்னால் வரிசை கட்டினார்கள். தொடக்கூடாத பொருள்களில் அது முதலாவது என்று நான் கத்தியபோது, திரும்பிப் பாராமலே சொன்னார்: “நிறுக்காமக் கொழுந்தக் குடுத்து எங்களுக்குப் பழக்கமில்லீங்க.”

மூன்றாவது கடிதம்

கடிதம் ஒன்பதாம் நாள் வந்தது. முதலாளி தொலைபேசியில், “கடிதம் வந்திருக்கு, வாங்க” என்று மட்டும் சொன்னார். என் விலகல் கடிதத்தை அழகாக எழுதி, உறையிலிட்டு, கைப்பையில் வைத்துக்கொண்டு மஹய்யாவ மேட்டில் ஏறினேன். தமிழில் இன்னும் நான் விளக்கிச் சொல்லாத இடங்கள் எத்தனை என்று வழிநெடுக எண்ணிக்கொண்டு போனேன். அலுவலகத்தில் முதலாளி மீன் அடைத்த மாலுபாண் ஒன்றைப் பாதி தின்றபடி சிரித்துக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்பு எனக்குத் திகிலூட்டியது.

“முறைப்பாடு இல்ல டீச்சர்! நம்ம ஆளுங்களக் கேக்குறாங்க!” என்று கடிதத்தை நீட்டினார். வாசித்தேன். வெளிநாட்டுப் பயணிகள் அந்த நிகழ்ச்சியைப் பெரிதும் விரும்பினார்களாம். ஆகவே, ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறன்று அந்தப் பெண்களில் பத்துப் பேரை இரண்டு மணி நேரத்துக்கு அனுப்பிவைக்க வேண்டும். அக்காலத்து உடையும் கூடையும் அங்கே கொடுக்கப்படும். தேநீரும், தின்னப் பணிசும் உண்டு. கடைசி வரியில், பெயர்ப் பட்டியல் அவசியமில்லை, பத்து என்ற எண்ணிக்கை உறுதியானால் போதும் என்று எழுதியிருந்தது. ஆயிரக்கணக்கான நாள்கள் காலையில் பெயர் கூப்பிட்டு வரவு பதிந்தவள் நான். அந்த வரியில் என் கண் நின்றுவிட்டது.

“இத மட்டும் முடிச்சுக் குடுங்க டீச்சர், ஆறு மாசக் கதையே வேணாம், தமிழ்ப் பயணம் நிரந்தரம்” என்றார். அவர்கள் மறுத்தால் என்ன என்று கேட்டேன். மாலுபாணின் மிகுதியை வாயில் போட்டு, விரலைத் துடைத்துக்கொண்டு அவர் சொன்னார்: “மறுத்தாங்கன்னா, மூணாவது கடிதம் மூணாவது கடிதம்தானே?”

பேச்சியம்மாவின் பதில்

என் முதல் உணர்ச்சி மகிழ்ச்சி என்பதை மறைக்கமாட்டேன். விலகல் கடிதத்தை நாலாகக் கிழித்தேன். பெயர் அவசியமில்லை என்ற வரி உறுத்தியதுதான்; ஆனாலும் மாதத்தில் இரண்டு மணி நேரம், பத்துப் பேர், தேநீரும் பணிசும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அன்று மாலை, வேலை முடிந்து அவர்கள் வீடு திரும்பும் நேரம் பார்த்துப் பேச்சியம்மாவை அழைத்தேன். கடிதத்தை வரிக்குவரி சொன்னேன். உடையைச் சொன்னேன். பெயர் வேண்டாம் என்பதையும் சொன்னேன். ஒத்துக்கொண்டால் தமிழ்ப் பயணம் நிலைக்கும், இல்லாவிட்டால் நின்றுவிடும் என்பதையும், அது அவர் கவலைப்படவேண்டிய விடயம் அன்று என்ற பொய்யோடு சேர்த்துச் சொன்னேன்.

அந்தப் பக்கம் பலர் கேட்டுக்கொண்டிருப்பது மூச்சில் தெரிந்தது. யாரோ சிரித்தார்கள். யாரோ, “கட்டிக்கிட்டு நிக்கவா சேலை குடுக்குறாங்க?” என்றார்கள். பேச்சியம்மா அவர்களை அதட்டி அடக்கினார். பிறகு என்னிடம், கடிந்துகொள்வதுபோல அல்ல, உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பியவர்போலக் கேட்டார்: “நாங்க சுத்திப் பாக்கத்தானே டீச்சர் வந்தோம். இப்ப எங்களச் சுத்திப் பாக்கணும்ங்கிறாங்களா?”

பெயர்ப் பட்டியல்

கிழித்த கடிதத்தை மறுபடி எழுதவேண்டியதாயிற்று. மறுநாள் காலை அதைக் கொடுக்கப் புறப்படும் வேளையில், என் கைபேசிக்கு ஐந்து படங்கள் வந்தன. கோடு போட்ட கொப்பித் தாள்கள். இலக்கமிட்டு, முதலெழுத்தோடு, எழுபத்தாறு பெயர்கள். கூடவே பேச்சியம்மாவின் குரற்பதிவு ஒன்று: “எங்க தோட்டத்து மேல் டிவிசன் ஆளுகளும் சேந்துட்டாங்க டீச்சர். ராசா இருந்த எடத்தக் காட்டுங்க. அங்க தேயில கீயில இருந்தா இப்பவே சொல்லிருங்க, ஒருத்தரும் வரமாட்டாங்க.”

முதலாளியின் மேசையில் கைபேசியை வைத்தேன். பெண்கள் மறுத்துவிட்டார்கள், இனி உங்கள் விருப்பம் என்றேன். உறைக்குள் இருந்த என் கடிதத்தை நீட்டுவதற்குக் கை எழவில்லை. அவர் முகம் இறுகியது. “நெனச்சேன்” என்றார். பிறகு, ஒரு தாளைப் பெரிதாக்கி, உதடசைத்துப் பெயர்களை வாசிக்கத் தொடங்கினார். முதலாவது தாள். இரண்டாவது தாள். ஒரு பெயரில் நின்று, “இவங்க எங்க அத்தை வழியோ தெரியல்ல” என்று முணுமுணுத்தார். மூன்று, நான்கு, ஐந்து. நான் நின்றபடியே இருந்தேன். கதிரையைக் காட்டவும் மறந்துபோனவர், கடைசியில் தலையைச் சொறிந்துகொண்டு சொன்னார்: “ஒரு பஸ் பத்தாதே, டீச்சர்.”

அரசரின் உடுப்பு

அருங்காட்சியகத்துக்கு மறுப்புக் கடிதத்தை நான் எழுத, முதலாளி கையொப்பமிட்டார். தமிழ்ப் பயணம் நிற்கவில்லை. அடுத்த மாதம் இரண்டு பஸ்களில் எழுபத்தாறு பேரும், அரச காலத்துப் பொருள்கள் வைத்திருக்கும் மண்டபம் ஒன்றுக்குள் நுழைந்தார்கள். ஒன்றையும் தொடவில்லை. ஒன்றையும் ஏற்றவில்லை. ஒவ்வொரு கண்ணாடிப் பெட்டியின் முன்னும் நின்று, நான் மூச்சு வாங்கும் அளவுக்குக் கேள்வி கேட்டார்கள். அரசிக்கு எத்தனை சேலை? அரண்மனையில் சோறாக்கியது யார்? அந்த ஆளுக்கு என்ன பெயர்? என் நாற்பது பக்கக் குறிப்பில் இவற்றுக்கு விடை இல்லை. இப்படி வெறுங்கையோடு ஒரு கூட்டத்தின் முன் நான் நின்றதே இல்லை.

கடைசிப் பெட்டியில் ஓர் அரச உடுப்பு இருந்தது. இடுப்பைச் சுற்றி மடிப்பு மடிப்பாகத் துணி, தோளில் பொன்னிழை வேலை, தலையில் நாற்கோணத் தொப்பி. பேச்சியம்மா அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். “இம்புட்டுத் துணியக் கட்டிக்கிட்டுக் குனிஞ்சு நிமிர முடியாதே. எப்படி வேலை செஞ்சாரு?” என்றார். அரசர்கள் வேலை செய்வதில்லை என்று நான் விளக்கினேன். அவர் என்னைப் பார்த்தார், உடுப்பைப் பார்த்தார், எல்லாம் விளங்கிவிட்டதுபோலத் தலையசைத்தார். “அதான் டீச்சர், ராச்சியம் போயிருக்கு.”

முப்பத்திரண்டு ஆண்டுகள் வினாத்தாள் தயாரித்த எனக்கு, பஸ்ஸில் ஏற்றுவதற்கு முன் கேட்கவேண்டிய ‘உங்களுக்கு எங்கே போக விருப்பம்?’ என்ற ஒரேயொரு வினா மட்டும் பாடத்திட்டத்துக்கு வெளியே இருந்துவிட்டது.